காசநோயின் நிழலில் ஒரு கண்நோய்: சார்காய்டோசிஸ் இந்தியாவில் பெயர் பெற்ற வரலாறு

உப்பல் என்றவுடன் பலருக்கும் ஹைதராபாத்தின் கிரிக்கெட் மைதானமே நினைவுக்கு வரும். நவீன இந்திய உயிரியலின் வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. தார்நாக்காவிலிருந்து ஹப்சிகூடா வழியாக உப்பல் நோக்கிச் செல்லும் சாலையில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.) இருக்கிறது. 1977இல் வேறோர் ஆய்வகத்தின் ஒரு பகுதியாகத் தோன்றிய அந்த மையத்தின் இன்றைய வளாகம் 1987இல் திறக்கப்பட்டது. அங்கு வளர்ந்த மரபணு அடையாள ஆய்வின் தொடர்ச்சியாக உருவாகி, 1996 முதல் இயங்கிவரும் டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறிதல் மையம் (சி.டி.எஃப்.டி.) இன்று உப்பலில் அமைந்துள்ளது. ஒரு தடயம் யாருடையது, ஒரு நோய் எதனால் வந்தது என்று கேட்டுப் பெயர் சொல்லும் பணியே அதன் பெயரில் உள்ள இரு சொற்களும் குறிப்பது.

அத்தகைய அடையாளம் காணும் அறிவியலுக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பிடிகொடாமல் நிற்கும் நோய்களுள் ஒன்று சார்காய்டோசிஸ். அதற்குக் காரணமான கிருமி எதுவும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. உடலின் தற்காப்பு அணுக்கள் ஏதோ ஒன்றைச் சூழ்ந்து இறுகித் திரண்டு நிற்கின்றன. 'கிரானுலோமா' எனப்படும் அந்த நுண்மணித் திரள்களின் நடுவே எதிரி யார் என்று தேடினால், அங்கே ஒருவரும் அகப்படுவதில்லை. நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், தோல் ஆகியவற்றோடு இந்நோய் மிகுதியாகத் தாக்கும் உறுப்பு கண். நோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை ஏதேனும் ஒரு கண் பாதிப்புக்கு ஆளாகின்றனர் என்பது மருத்துவ நூல்கள் பரவலாகத் தரும் கணக்கு. பலருக்கு நோயின் முதல் அறிகுறியே கண்ணில்தான் தோன்றுகிறது. நுரையீரலில் எந்த உபாதையும் உணராத ஒருவர், பார்வை மங்குகிறது என்று கண் மருத்துவரிடம் வருகிறார். நோயின் பெயர் அங்கிருந்துதான் தேடப்பட வேண்டியிருக்கிறது.

கண்ணின் நடு அடுக்காகிய யுவியாவே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. ஐரிஸ், அதன் பின்னுள்ள சிலியரி உறுப்பு, விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே யுவியா. அங்கே அழற்சி ஏற்படும்போது, கார்னியாவின் உட்புறத்தில் அணுக்கள் கொழுப்புத் துளிகளைப் போலத் தடித்த படிவுகளாக ஒட்டிக்கொள்கின்றன. ஐரிஸின் விளிம்பிலும் பரப்பிலும் சிறு முடிச்சுகள் எழுகின்றன. கண்ணின் உட்பகுதியை நிரப்பும் விட்ரியஸ் கூழில் பனியுருண்டைகளைப் போல வெண்திரள்கள் மிதக்கின்றன. சிலவேளை அவை முத்துச்சரம் போல வரிசையாகவும் நிற்கின்றன. விழித்திரைச் சிரைகளை ஒட்டி, உருகிய மெழுகு சொட்டியது போன்ற தழும்புகள் காணப்படுகின்றன. கண்ணீர்ச் சுரப்பி வீங்கலாம். பார்வை நரம்பின் தலைப்பில் திரள் தோன்றலாம். உரிய காலத்தில் அடக்கப்படாத அழற்சி, கண்புரை, கண்ணழுத்த நோய், மையவிழித்திரையில் நீர்கோத்தல் ஆகியவற்றின் வழியே பார்வையை நிலையாகப் பறித்துவிடும்.

மேற்சொன்ன அறிகுறிகளுள் பல காசநோயிலும் தோன்றக்கூடியவை. இந்தியாவில் சார்காய்டோசிஸின் வரலாற்றைத் தீர்மானித்த முதன்மையான உண்மை இதுவே. அதைப் புரிந்துகொள்ள 1877ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும்.

அந்த ஆண்டில் இருவேறு நாடுகளில் இரு பதிவுகள் வெளிவந்தன. ஜெர்மனியில் யூலியஸ் கோன்ஹைம், காசநோய் கண்ட திசுவை முயலின் கண்ணுள் வைத்து, ஐரிஸில் நுண்மணிகள் முளைப்பதை நேருக்கு நேர் கண்டார். கோஹ் காசநோய்க் கிருமியை அறிவித்த 1882க்கு முன்பே, காசநோய் தொற்றக்கூடியது என்பதற்குக் கண்ணின் முன்னறை ஒரு கண்ணாடிச் சாளரமாக அமைந்துவிட்டது. அதே ஆண்டில் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன், கை கால்களில் கருஞ்சிவப்புத் தடிப்புகள் தோன்றிய ஒரு தொழிலாளியைப் பற்றி எழுதினார். சார்காய்டோசிஸ் பற்றிய முதல் விவரிப்பாக இன்று கருதப்படுவது அதுதான். முதல் பதிவு உடனே புகழ் பெற்றது. இரண்டாவது பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஐரிஸில் முடிச்சு தெரிந்தால் அது காசநோய் என்னும் எண்ணம் மருத்துவ மனத்தில் வேரூன்றியதற்கு இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம்.

ஹட்சின்சன் தோல் நோய்களோடு கண் நோய்களையும் அறிந்தவர். லண்டனின் புகழ்பெற்ற மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பணியாற்றியவர். பிறவி சிபிலிஸால் கண்ணிலும் பல்லிலும் செவியிலும் ஏற்படும் மும்மைக் குறிகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. முதுமையில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். கெட்டுப்போன மீனை உண்பதால்தான் தொழுநோய் வருகிறது என்பது அவருடைய பிடிவாதமான கொள்கை. அதற்குச் சான்று தேடி 1900களின் தொடக்கத்தில் இந்நாட்டில் பயணம் செய்தார். தொழுநோயும் கிரானுலோமாவை உண்டாக்கும் நோய்தான். சார்காய்டோசிஸை முதலில் விவரித்த கண்கள் இந்தியாவில் தேடியது வேறொரு நோயை. கண்டதாக நம்பிய காரணமோ பிழையானது. நோய்க் காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பார்ப்பதன் ஆபத்துக்கு இப்பயணம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

நோயின் பெயர் உருவான கதையும் மெல்லவே நகர்ந்தது. 1889இல் பாரிஸில் பெனியே, மூக்கிலும் முகத்திலும் தோன்றும் ஊதாநிற வீக்கத்தை விவரித்தார். 1899இல் நார்வேயின் சீசர் போக் ஒரு காவலரின் தோலிலிருந்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவை சார்கோமா என்னும் புற்றை ஒத்திருந்தாலும் தீங்கற்றவை என்ற பொருளில் 'சார்காய்டு' என்று பெயரிட்டார். புற்றைப் போன்றது, ஆனால் புற்று இல்லை. இந்த நோய்க்கு வாய்த்த பெயரே அது எதுவாக இல்லை என்பதைத்தான் சொல்கிறது. 1909இல் டென்மார்க்கின் கண் மருத்துவர் ஹீர்ஃபோர்ட், யுவியா அழற்சி, காதோரச் சுரப்பி வீக்கம், காய்ச்சல், முகநரம்பு வாதம் ஆகியவை ஒருங்கே தோன்றிய நோயாளிகளைப் பதிவு செய்தார். அதை அவர் சார்காய்டோசிஸாகக் காணவில்லை. பொன்னுக்கு வீங்கியோடு தொடர்புடையதாக எண்ணினார். அவர் கண்டதும் இந்நோயின் ஒரு முகமே என்பது தெளிவாக 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோலிலும் கண்ணிலும் நுரையீரலிலும் தனித்தனியே கண்டவை அனைத்தும் ஒரே நோயின் கிளைகள் என்று 1914இல் ஸ்வீடனின் ஷௌமன் முன்வைத்த கருத்தே அதற்கு அடிப்படையாக நின்றது.

மேலைநாட்டுக் கண் மருத்துவமும் காசநோய் என்னும் விடையை எளிதில் கைவிடவில்லை. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிரானுலோமா வகை யுவியா அழற்சியின் பெரும்பகுதி காசநோயால் வந்ததென்றே கணக்கிடப்பட்டது. 1952இல் ஹெலனோர் வைல்டர், காசநோய் முதலியவை எனக் கருதி அகற்றப்பட்ட கண்களை மீண்டும் ஆராய்ந்தபோது, அவற்றுள் பலவற்றில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியைக் கண்டார். கண்ணாடித் தகடுகளில் ஆண்டுக்கணக்கில் இருந்த சான்றை ஒருவரும் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். அதன் பிறகே பழைய விழுக்காடுகள் திருத்தப்பட்டன. காசநோயின் பங்கு சுருங்க, சார்காய்டோசிஸின் இடம் தெளிந்தது. அந்நாடுகளில் காசநோயே குறைந்துகொண்டிருந்ததும் இம்மாற்றத்தை எளிதாக்கியது.

இந்தியாவில் அந்த வசதி இருக்கவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர். மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் நிணநீர்க் கணு வீங்கியிருந்தாலும், தோலில் முடிச்சு எழுந்தாலும், கண்ணில் கிரானுலோமா தெரிந்தாலும் மருத்துவரின் மனத்தில் முதலில் எழும் பெயர் காசநோய்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்திய மருத்துவர்களின் அச்சம் வீணான அச்சம் இல்லை; பெரும்பாலான வேளைகளில் அது சரியான விடையாகவே இருந்தது. சரியான விடையாகவே இருந்துவந்ததால்தான், அது தவறாக அமைந்த இடங்கள் கண்ணில் படவில்லை.

சார்காய்டோசிஸ் இந்தியாவில் மிக அரிது என்ற நம்பிக்கை இந்தச் சூழலில்தான் நிலைபெற்றது. அந்த நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியவர்களுள் சென்னை மருத்துவர்கள் முக்கியமானவர்கள். பால்வினை நோய், தோல் நோய் ஆகிய துறைகளில் பெயர்பெற்ற ஆர்.வி. ராஜமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1957இல் வெளியிட்ட கட்டுரை, திசு ஆய்வால் உறுதிப்பட்ட சார்காய்டோசிஸ் பற்றி இந்தியாவில் வெளிவந்த முதல் பதிவுகளுள் ஒன்று. அதே சென்னையில் அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1956இல், காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டிருந்தது. நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகுக்கு நிறுவிய மையம் அது. காசநோயை வெல்லும் பெருமுயற்சியும், காசநோய் அல்லாத ஒன்றை அதன் கூட்டத்திலிருந்து பிரித்தறியும் சிறுமுயற்சியும் ஒரே நகரில் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

இரண்டையும் பிரித்தறிவது வெறும் பெயர்ச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்து மாதக்கணக்கில் தேவை. சார்காய்டோசிஸுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு தேவை. 1950களின் தொடக்கத்திலிருந்து அதுவே முதன்மையான மருந்து. காசநோயைச் சார்காய்டோசிஸ் என்று கருதி ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், தற்காப்பு தளர்ந்து கிருமி பரவும். சார்காய்டோசிஸைக் காசநோய் என்று கருதிக் கூட்டு மருந்தை மட்டும் கொடுத்தால், அழற்சி உள்ளே புகைந்துகொண்டே பார்வையை அரிக்கும். அதோடு, அக்கூட்டு மருந்திலுள்ள எத்தாம்பூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பையே பாதிக்கக்கூடியது. தேவையில்லாத மருந்தால் ஒரு கண் கெட நேர்ந்தால், அது நோயால் கெட்டதா மருந்தால் கெட்டதா என்று பிரிப்பதும் கடினம். காசநோயாளி என்ற பெயர் குடும்பத்திலும் ஊரிலும் சுமத்தும் பழி இதற்குமேல் தனி.

பிரித்தறிய உதவும் கருவிகளுள் மிகப் பழையது டியூபர்குலின் தோல் சோதனை. சார்காய்டோசிஸ் நோயாளிகளின் தோல் பெரும்பாலும் இச்சோதனைக்கு எதிர்வினை காட்டுவதில்லை என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. காசநோய் பரவியிருந்த பழைய ஐரோப்பாவில், எல்லோருக்கும் தோல் தடிக்கும்போது ஒருவருக்குத் தடிக்காமல் இருப்பது ஒரு வலுவான குறிப்பு. காசநோய் அருகிய பின்னர், நலமுள்ளவருக்கும் தோல் தடிப்பதில்லை. ஆகவே அங்கே அக்குறிப்பின் மதிப்புத் தேய்ந்தது. இந்தியாவின் நிலை வேறு. 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவுக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோயினக் கிருமிகளோடு இம்மக்களின் உடல் எவ்வளவு பரவலாகப் பழகியிருக்கிறது என்பதையும் அவ்வாய்வு காட்டியது. அத்தகைய மண்ணில் வளர்ந்து, தடுப்பூசியும் போட்டுக்கொண்ட ஒருவரின் தோல் டியூபர்குலினுக்கு அசையாமல் இருந்தால், அந்த மௌனத்துக்குப் பொருள் உண்டு. உலகின் ஒரு பகுதியில் வழக்கொழிந்த சோதனை இங்கே இன்னும் பேசுகிறது. எதிர்வினை இல்லாமை ஒன்றையே வைத்து முடிவுகட்ட முடியாது; சத்துக்குறைவாலும் தற்காப்புக் குறைவாலும், ஏன், கடுங்காசநோயாலும்கூடத் தோல் மௌனமாக இருக்கலாம்.

இத்தகைய தனித்தனிக் குறிப்புகளைத் தொகுத்து எடைபோடும் முறை 2006இல் டோக்கியோவில் கூடிய பன்னாட்டு ஆய்வரங்கில் உருவாகி, 2009இல் வெளியானது. கண்ணில் காணும் ஏழு குறிகளையும் ஐந்து ஆய்வுச் சோதனைகளையும் அது வரையறுத்தது. அச்சோதனைகளுள் ஒன்றாக டியூபர்குலின் எதிர்வினையின்மையும் இடம்பெற்றது. திசு ஆய்வால் உறுதியானது, உறுதியாகக் கருதத்தக்கது, பெரும்பாலும் இருக்கக்கூடியது, இருக்க வாய்ப்புள்ளது என நோயறிதலை அது நான்கு படிகளாகப் பிரித்தது. மருத்துவ வரலாற்றில் இப்படிகள் கவனிக்கத்தக்கவை. 'இதுதான்' என்று சொல்ல முடியாத இடத்தில், எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதையாவது ஒழுங்காகச் சொல்லும் நேர்மை அவற்றில் இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா முதலிய இந்தியக் கண் மருத்துவ நிறுவனங்களிலிருந்து திசு ஆய்வால் உறுதிப்பட்ட சார்காய்டு யுவியா அழற்சி பற்றிய பதிவுகள் வெளிவந்ததும் இக்காலகட்டத்தில்தான். காசநோயின் பக்கத்திலிருந்தும் அதே பணி நடந்தது. கண்ணிலுள்ள எந்தெந்தக் குறிகள் காசநோயைச் சுட்டுகின்றன என்று சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனத்தினர் வகைப்படுத்தினர்.

இனி உப்பலுக்குத் திரும்பலாம். ஹைதராபாத் ஒரே காலத்தில் இரு துறைகளில் வளர்ந்த நகரம். 1987இல் உப்பல் சாலையில் மூலக்கூறு உயிரியலுக்கு வளாகம் திறக்கப்பட்டபோது, நகரின் மறுபக்கத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் தோன்றியது. 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' ஆகிய படங்களால் தமிழர் அறிந்த இயக்குநரின் குடும்பக் கொடையால் எழுந்த நிறுவனம் அது. ஒரு பக்கம் கண்ணைப் படித்தவர்கள், மறுபக்கம் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள். 1980களில் பிறந்த பி.சி.ஆர். என்னும் பெருக்கு முறை இவ்விரு துறைகளையும் இணைத்தது. கண்ணுள்ளிருந்து எடுக்கும் ஒரு துளி நீரில், சில கிருமிகளின் மரபுப்பொருள் மட்டுமே இருந்தாலும் அதைப் பெருக்கிக் காட்டலாம் என்ற நிலை வந்தது. காசநோய்க் கிருமியின் மரபணு வேறுபாடுகள் சி.டி.எஃப்.டி.யின் ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக இருந்துவந்திருக்கின்றன. ரேகை பதித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதுபோல, இனி கண்ணிலுள்ள கிரானுலோமாவின் காரணத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

அந்த எதிர்பார்ப்பு பாதியே நிறைவேறியது. மரபுப்பொருள் அகப்பட்டால் காசநோயின் பக்கம் தராசு சாய்கிறது. அகப்படவில்லை என்பதால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. கண்ணிலிருந்து எடுக்கும் துளி மிகச் சிறியது, கிருமியோ வேறோர் அடுக்கில் ஒளிந்திருக்கலாம். இன்னும் சிக்கலாக, சார்காய்டோசிஸ் திசுக்களிலேயே காசநோயினக் கிருமிகளின் சுவடுகளைக் கண்டதாகச் சில ஆய்வுகள் அறிவித்துள்ளன. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அக்கிருமிகளுக்குரிய ஒரு புரதத்தையே அத்திசுக்களில் காட்டியது. உயிருள்ள கிருமி போனபின் அதன் எச்சத்தின்மீது உடல் தொடுக்கும் போரா சார்காய்டோசிஸ் என்ற கேள்வி அதனால் எழுந்தது. இரண்டும் வேறுவேறு என்று பிரிக்கவே நூறாண்டு பிடித்த நோய்களுக்கு நடுவே, மீண்டும் ஒரு பாலம் இருக்கலாம் என்று மூலக்கூறு உயிரியல் சுட்டுகிறது.

மரபணுவின் துணையால் தெளிவு பிறந்த ஓர் இடமும் உண்டு. குழந்தைகளிடம் மூட்டு, தோல், கண் ஆகிய மூன்றிலும் கிரானுலோமா தோன்றும் பரம்பரை நோயொன்றை 1985இல் பிளாவ் என்ற மருத்துவர் விவரித்தார். நெடுங்காலம் சார்காய்டோசிஸோடு வைத்தே அது எண்ணப்பட்டது. 2001இல் அதற்குக் காரணம் நாட்2 என்னும் ஒற்றை மரபணுவின் மாற்றம் என்று தெரிந்தது. கிருமியின் இருப்பை உணர்ந்து தற்காப்பை எழுப்பும் புரதத்துக்கான மரபணு அது. கிருமியே இல்லாதபோதும் அது ஓயாமல் எச்சரிக்கை மணி அடித்தால் கண்ணில் கிரானுலோமா எழும். எதிரி இல்லாமலேயே போர் மூளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. மரபணு நோயறிதல் மையங்களின் தேவையும் இங்கேதான் துல்லியமாகப் புலப்படுகிறது: இந்நோயைப் பெயர் சொல்லி அறிய மரபணுச் சோதனையே உறுதியான வழி.

பழைய குழப்பம் இன்று புதிய வடிவில் திரும்பியுள்ளது. ஸ்டீராய்டுக்கு அடங்காத யுவியா அழற்சிக்கு, டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கும் அடலிமுமாப் போன்ற உயிரிய மருந்துகள் பயன்படுகின்றன. கிரானுலோமாவைக் கட்டிக் காப்பதும் அதே டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் சார்காய்டோசிஸ் தணியும். பல்லாண்டாக அடைபட்டுக் கிடந்த காசநோய்க் கிருமி விடுதலையும் பெறும். இவ்வகை மருந்துகளால் காசநோய் விழித்தெழுவது 2001 முதல் ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. எனவே, இந்தியாவில் சார்காய்டோசிஸ் என்று உறுதியாகப் பெயர் சூட்டிய பின்னரும் மருத்துவர் காசநோயை மறந்துவிட முடியாது.

1877இல் முயலின் கண்ணில் முளைத்த மணிகளிலிருந்து உப்பலின் டி.என்.ஏ. ஆய்வகம் வரை நீளும் இவ்வரலாறு, ஒரு விடையைப் பெற்ற வரலாறாக முடியவில்லை. ஒரு நோய் இந்த மண்ணில் அரிது என்று சொல்லப்படும்போது, அது உண்மையிலேயே அரிதா, வேறொரு பெயரின் கீழ்ப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதே சார்காய்டோசிஸ் இந்திய மருத்துவ வரலாற்றுக்குத் தரும் பாடம். இக்கேள்விக்கான விடை பழைய மருத்துவமனைப் பதிவேடுகளிலும், அகற்றப்பட்ட கண்களின் திசுத் தகடுகளிலும் இன்னும் காத்திருக்கக்கூடும். அவற்றை மீண்டும் எடுத்துப் பார்ப்பது மருத்துவர்களின் பணி மட்டுமன்று. வரலாற்று மாணவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.